பயாஸில் தெரியாத இரண்டாவது ஹார்டு டிஸ்க்: பழைய எஸ்எம்பிஎஸ் கேபிளைச் செருகலாமா?

கேசட்பெட்டி (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. என் டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 11 ஒரு எம்.2 எஸ்எஸ்டியில் (மதர்போர்டிலேயே நேராகச் செருகும் சின்ன எஸ்எஸ்டி) ஓடுகிறது. கொஞ்ச நாளுக்கு முன் இன்னொரு எம்.2 எஸ்எஸ்டியும் போட்டேன். இப்போது இடம் போதாமல் புதிதாக 4 டிபி ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கிப் பொருத்தியிருக்கிறேன். மதர்போர்டில் ஆறு சாட்டா போர்ட் (டிஸ்க்கின் டேட்டா கேபிளைச் செருகும் இடம்) இருக்கிறது. கை எட்டும் இடத்தில் இருந்ததால் ஆறாவதில் செருகினேன். பவர் போட்டால் டிஸ்க் சுழல்கிறது, மேலே கை வைத்தால் அதிர்வு தெரிகிறது. ஆனால் பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரை) அது பட்டியலிலேயே இல்லை. விண்டோஸிலும் இல்லை. புது டிஸ்க்கே பழுதா?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பழைய கணினியிலிருந்து கழற்றிய 1 டிபி டிஸ்க் ஒன்றையும் உள்ளே போட வேண்டும். அதில் விண்டோஸ் 7 இருந்தது. அப்பா பாடிப் பதிந்த கேசட்டுகளை எல்லாம் கணினியில் ஏற்றி அதில்தான் வைத்திருக்கிறேன். கேசட்டுகளின் நாடா பூஞ்சை பிடித்துப்போனதால் இப்போது இருப்பது அந்த ஃபைல்கள் மட்டுமே. அவற்றைப் புது டிஸ்க்குக்கு மாற்றுவதுதான் இந்த வேலையின் நோக்கமே.

ஆனால் அந்த டிஸ்க்குக்குக் கொடுக்க சாட்டா பவர் முனை மிச்சமில்லை. என் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) கேபிளைத் தனியாகக் கழற்றி மாட்டும் வகை. பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் சாட்டா பவர் கேபிள் ஒன்று கையில் இருக்கிறது. செருகிப் பார்க்கவில்லை, ஆனால் முனை அச்சாக அதே வடிவம். அதைப் பயன்படுத்தலாமா?

திருப்புளி

முதலில் அந்தக் கேபிளைத் தனியே எடுத்து வையுங்கள். செருகவே வேண்டாம். மற்றதெல்லாம் அப்புறம்.

டிஸ்க்கில் செருகும் 15 பின் முனை எந்த நிறுவனத்துக் கேபிளிலும் ஒன்றுதான். சாட்டா தரநிலை அதை நிர்ணயித்திருக்கிறது. எஸ்எம்பிஎஸ் பக்கம் செருகும் முனைக்கு அப்படி ஒரு பொதுத்தரம் கிடையாது. 12 வோல்ட் எந்தப் பின்னில், 5 வோல்ட் எதில், கிரவுண்ட் எதில் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் வசதிப்படி வைத்துக்கொள்கிறது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே மாறுவதும் உண்டு. பிளாஸ்டிக் மட்டும் கச்சிதமாகப் பொருந்திவிடும், ஆபத்தே அதில்தான் இருக்கிறது. 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் ஏறினால் பவர் பட்டனை அழுத்திய நொடியே டிஸ்க்கின் சர்க்யூட் போர்டு போய்விடும். சில டிஸ்க்குகளில் அதிக வோல்டேஜைத் தாங்க ஒரு பாதுகாப்பு டயோடு இருக்கும். அது மட்டும் எரிந்து மற்றது பிழைப்பதும் உண்டு. அப்பாவின் குரல் இருக்கும் டிஸ்க்கை அந்த டயோடை நம்பிச் செருக முடியாது. இப்படிக் கருகிய டிஸ்க்குகள் என் மேசைக்கு இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் "கேபிள் சரியாகத்தானே பொருந்தியது" என்றுதான் கொண்டுவருகிறார்கள்.

இப்போது இருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த பையைத் தேடுங்கள். பெரும்பாலும் இன்னொரு சாட்டா பவர் கேபிள் அதில் சும்மா கிடக்கும். இல்லாவிட்டால் அதே மாடலுக்கான கேபிளை அதே நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, புது டிஸ்க். சுழல்கிறது என்கிறீர்கள், ஆகவே பவர் போகிறது. பயாஸிலேயே தெரியவில்லை, ஆகவே விண்டோஸில் தேடிப் பயனில்லை. மிச்சமிருப்பது டேட்டா கேபிள், போர்ட், டிஸ்க் மூன்றும்தான். அதில் எனக்குப் போர்ட்டின் மேல்தான் சந்தேகம். இரண்டாவது எம்.2 போட்டேன் என்றீர்களே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. மதர்போர்டின் சிப்செட் (சாட்டா, எம்.2 போன்றவற்றை இணைக்கும் சிப்) தரும் அதிவேகப் பாதைகளுக்கு ஓர் அளவு உண்டு. அதனால் பல மதர்போர்டுகளில் ஒரு எம்.2 இடமும் ஓரிரு சாட்டா போர்ட்டும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்ளும். எம்.2வில் எஸ்எஸ்டி ஏறியதும் அந்தச் சாட்டா போர்ட்டுகள் சத்தமில்லாமல் அணைந்துவிடும். பெரும்பாலும் ஐந்தும் ஆறும். சில போர்டுகளில் முதல் போர்ட்டே போகும், இன்னும் சிலவற்றில் எம்.2வில் இருப்பது சாட்டா வகை எஸ்எஸ்டியா, அதைவிட வேகமான என்விஎம்இ வகையா என்பதைப் பொறுத்து மாறும். மதர்போர்டு கையேட்டில் எம்.2 பக்கத்தில் பொடி எழுத்தில் அடிக்குறிப்பாகப் போட்டிருப்பார்கள்.

கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, டேட்டா கேபிளை ஆறாவதிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றுங்கள். பயாஸில் என்ன வருகிறது என்று சொல்லுங்கள்.

இரவுப்பறவை

எனக்கும் இதே மாதிரி ஆனது. பயாஸில் சாட்டா மோடு என்று ஒன்று இருக்கும், சாட்டா டிஸ்க்குகளோடு கணினி பேசும் முறை அது. அது ரெய்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து நடத்தும் முறை) என்று இருந்தால் ஏஹெச்சிஐக்கு (சாதாரண முறை) மாற்றிப் பாருங்கள், எனக்கு உடனே டிஸ்க் வந்துவிட்டது. பவர் முனை போதவில்லை என்றால் பழைய நாலு பின் மோலக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் சின்ன கேபிள் கிடைக்கும். அது போதும்.

பழையபெட்டி

இரவுப்பறவை சொன்ன இரண்டையும் இப்போதைக்குச் செய்ய வேண்டாம்.

விண்டோஸ் எந்த மோடில் நிறுவப்பட்டதோ அந்த மோடுக்கான டிரைவரைத்தான் தொடக்கத்தில் ஏற்றும். நேராகப் போய் மோடை மாற்றினால் நீலத்திரையில் 'இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்' என்று வந்து நிற்கும். பழையபடி மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு டிஸ்க்கைத் தேடும்போது விண்டோஸையும் சேர்த்துத் தொலைத்துவிட்டு நிற்க வேண்டுமா? முறையாக மாற்ற வழி இருக்கிறது: முதலில் விண்டோஸை சேஃப் மோடில் எழும்படி அமைத்துவிட்டு, அப்புறம் பயாஸில் மாற்ற வேண்டும். இவருக்கு அந்தத் தேவையே இல்லை என்று நினைக்கிறேன்.

மோலக்ஸ் மாற்றியில் இரண்டு வகை உண்டு. கம்பிகளை வைத்துப் பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றி மூடியது ஒன்று. அதில் உள்ளே கம்பிகள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாகப் போகும், நாளடைவில் ஷார்ட் ஆகி உருகியவையும் தீப்பிடித்தவையும் உண்டு. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகத் தெரியும்படி முனையில் அழுத்திப் பொருத்தியது மற்றொன்று. வேறு வழியில்லை என்றால் இரண்டாவது வகை மட்டும்.

கேசட்பெட்டி

திருப்புளி அண்ணா, மிக்க நன்றி. மூன்றாவது போர்ட்டுக்கு மாற்றியதும் பயாஸில் பெயரோடு வந்துவிட்டது! கையேட்டையும் புரட்டினேன். இரண்டாம் எம்.2 இடத்தில் எஸ்எஸ்டி இருந்தால் ஐந்து, ஆறு இரண்டும் வேலை செய்யாது என்று அட்டவணைக்குக் கீழே போட்டிருக்கிறது.

எஸ்எம்பிஎஸ் பையும் கிடைத்தது. உள்ளே மூன்று சாட்டா முனை உள்ள கேபிள் உறை பிரிக்காமல் இருந்தது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முனை ஒரே வடிவம்தான், ஆனால் கம்பிகள் போகும் வரிசை வேறு. செருகாமல் கேட்டது நல்லதாகப் போயிற்று.

இப்போது விண்டோஸில் 'திஸ் பிசி'யில் புது டிஸ்க் வரவில்லை. டிஸ்க் மேனேஜ்மெண்ட் திறந்தால் 'இனிஷியலைஸ் டிஸ்க்' என்று ஒரு பெட்டி வந்து எம்பிஆரா ஜிபிடியா என்று கேட்கிறது. எதைக் கொடுக்க? பழைய டிஸ்க்கைச் செருகும்போதும் இதே பெட்டி வருமா? அதை நினைத்தால்தான் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

திருப்புளி

பயப்படுவது நல்லதுதான், அந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய டிஸ்க்கை இன்னும் செருகவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியே இருக்கட்டும். புது டிஸ்க் வேலையை முழுதாக முடித்த பிறகுதான் பழையது உள்ளே வர வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் டிஸ்க் 1 எது, டிஸ்க் 2 எது என்று குழம்பி, தவறான டிஸ்க்கில் கை போகும்.

எம்பிஆர், ஜிபிடி இரண்டும் பார்ட்டிஷன் அட்டவணையை, அதாவது டிஸ்க் எப்படிப் பிரிந்திருக்கிறது என்ற குறிப்பை, எழுதும் முறைகள். எம்பிஆர் பழையது, ஜிபிடி புதியது. புது டிஸ்க்குக்கு ஜிபிடி. எம்பிஆர் முறையில் செக்டர் (டிஸ்க்கின் மிகச் சிறிய சேமிப்புத் துண்டு) எண்ணை எழுத 32 பிட் மட்டுமே ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு செக்டர் 512 பைட் என்றால் அதனால் எட்டக்கூடிய எல்லை சுமார் 2.2 டிபி. 4 டிபி டிஸ்க்கை எம்பிஆரில் அமைத்தால் விண்டோஸ் கணக்கில் 2048 ஜிபி மட்டும் பயன்படும், மீதி 1678 ஜிபி 'அன்அலோகேட்டட்' என்று கறுப்புப் பட்டையாக நின்றுவிடும். ஜிபிடி கொடுத்ததும் மொத்தம் சுமார் 3726 ஜிபி காட்டும். வலது கிளிக், 'நியூ சிம்பிள் வால்யூம்', என்டிஎஃப்எஸ், குயிக் ஃபார்மேட், டிரைவ் எழுத்து. வால்யூமுக்கு அடையாளம் தெரிகிற மாதிரி பெயரும் கொடுங்கள். அப்புறம் 'திஸ் பிசி'யில் 3.63 டிபி என்று வரும். குறைகிறதே என்று நினைக்க வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கிச் சொல்கிறார், விண்டோஸ் 1024ஆல் வகுத்துக் காட்டுகிறது.

பழைய டிஸ்க்குக்கு வருவோம். அதில் பார்ட்டிஷன் அட்டவணை நன்றாக இருந்தால் இந்தப் பெட்டி வரவே வராது, டிரைவ் எழுத்தோடு தானாகத் திறக்கும். ஒருவேளை வந்தால் 'கேன்சல்' மட்டும்தான். இனிஷியலைஸ் கொடுத்தால் விண்டோஸ் புதிய பார்ட்டிஷன் அட்டவணையை எழுதிவிடும். அது புத்தகத்தில் பொருளடக்கப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வெற்றுத்தாள் ஒட்டுவது போல. உள்ளே பக்கங்கள் இருக்கும், ஆனால் எது எங்கே என்று சொல்ல ஆள் இருக்காது. டெஸ்ட்டிஸ்க் போன்ற இலவச மென்பொருளால் பலமுறை மீட்க முடியும் என்றாலும் அந்த வழிக்கே போகாமல் இருப்பது மேல். 'யூ நீட் டு ஃபார்மேட் தி டிஸ்க்' என்று வந்தாலும் அதே கேன்சல்தான்.

'ஃபாரின்' என்று காட்டினால் அது பழைய விண்டோஸில் டைனமிக் டிஸ்க்காக (வால்யூம்களை விண்டோஸ் தன் தனி முறையில் நிர்வகிக்கும் டிஸ்க்) மாற்றப்பட்டிருக்கிறது. வலது கிளிக்கில் 'இம்போர்ட் ஃபாரின் டிஸ்க்ஸ்' இருக்கும், அதில் டேட்டா போகாது. 'கன்வர்ட் டு பேசிக்' பக்கம் போக வேண்டாம், அதற்கு எல்லா வால்யூமையும் அழிக்க வேண்டியிருக்கும். 'ஆஃப்லைன்' என்று காட்டினால் வலது கிளிக் செய்து 'ஆன்லைன்' கொடுத்தால் போதும். ஒரு டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து, மூலத்தையும் நகலையும் சேர்த்துச் செருகினால் இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் இப்படி ஆகும். உங்களுக்கு அது வராது என்று நினைக்கிறேன்.

அதில் விண்டோஸ் 7 இருக்கிறதல்லவா, செருகியதும் பயாஸ் குழம்பி அதிலிருந்து எழ முயலலாம். கறுப்புத் திரை வந்தால் பதற வேண்டாம். பயாஸில் போய் பூட் வரிசையில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்று உங்கள் எம்.2 எஸ்எஸ்டியைக் குறிப்பதை முதலில் வையுங்கள்.

திறந்ததும் நகலெடுக்க ஓடாதீர்கள். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் அந்த டிஸ்க்கைப் பாருங்கள். 05, சி5, சி6 மூன்று வரிகளும் (கெட்டுப்போன, படிக்க முடியாத செக்டர்களின் கணக்கு) பூஜ்யமாக இருக்கிறதா என்பதே கேள்வி. இல்லை என்றால் ஒரு ஃபைலையும் தொடாமல் இங்கே வந்து சொல்லுங்கள். செக்டிஸ்க் (விண்டோஸின் டிஸ்க் பிழை திருத்தும் கருவி) ஓட்டவே ஓட்டாதீர்கள். தேய்ந்துபோன டிஸ்க்கில் அது மிச்ச உயிரையும் வாங்கிவிடும்.

இரவுப்பறவை

சாட்டா மோடு பற்றி எனக்குத் தெரியாமல் இருந்தது, நன்றி பழையபெட்டி. ஒரு சந்தேகம். இதே மாதிரி புது டிஸ்க், ஆனால் சுழலவே இல்லை என்றால்? யூஎஸ்பி பெட்டியிலிருந்து பிரித்தெடுத்த 8 டிபி டிஸ்க் ஒன்று அப்படி என்னிடம் இருக்கிறது. பெட்டிக்குள் வைத்தால் ஓடுகிறது, டெஸ்க்டாப்பில் செருகினால் அசைவே இல்லை.

பழையபெட்டி

அது பெரும்பாலும் 3.3 வோல்ட் விவகாரம். பவர் முனையின் மூன்றாவது பின் முன்பு 3.3 வோல்ட் வழங்கும் பின்களில் ஒன்று. சாட்டா 3.3 தரநிலையில் (இந்த 3.3 பதிப்பு எண், வோல்ட் அல்ல) அதற்கு வேறு வேலை கொடுத்துவிட்டார்கள்: அந்தப் பின்னில் வோல்டேஜ் வந்தால் டிஸ்க் அணைந்து இருக்க வேண்டும். சர்வர்களில் தொலைவிலிருந்தே டிஸ்க்கை அணைத்துப் போடுவதற்கான ஏற்பாடு அது. பழைய முறை எஸ்எம்பிஎஸ் எப்போதும் அங்கே 3.3 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும், டிஸ்க்கும் தன்னை அணைத்து வைக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்துச் சும்மா இருக்கும். வெளிப்பெட்டிகளிலிருந்து எடுத்த பெரிய டிஸ்க்குகளில் இது அதிகம். டிஸ்க்கின் பவர் முனையில் முதல் மூன்று பின்களை மின்சாரம் கடத்தாத மெல்லிய கேப்டன் டேப்பால் மறைப்பது வழக்கம். டேப் நாலாவது பின்னுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது கிரவுண்ட். மேலே நான் சொன்ன நல்ல வகை மோலக்ஸ் மாற்றியிலும் இது ஓடும், ஏனென்றால் மோலக்ஸில் 3.3 வோல்ட் கம்பியே கிடையாது.

கேசட்பெட்டி

புது டிஸ்க் ஜிபிடியில் தயார். 3.63 டிபி.

பழையதைச் செருகியதும் நீங்கள் சொன்ன மாதிரியே கறுப்புத் திரை வந்தது. பூட் வரிசையை மாற்றியதும் விண்டோஸ் 11 வந்துவிட்டது. டிஸ்க் தானாகத் திறந்தது, இனிஷியலைஸ் பெட்டி வரவில்லை. பழைய யூசர் ஃபோல்டரில் 'அனுமதி இல்லை' என்றது, 'கன்டினியூ' அழுத்தியதும் திறந்தது.

05, சி5, சி6 எல்லாம் பூஜ்யம். ஆனால் சி7 என்ற வரியில் 1ஏ4 என்று இருக்கிறது. நகலெடுக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் நன்றாகப் போய், வேகம் சுத்தமாக விழுந்து, டிஸ்க்கே காணாமல் போய்த் திரும்ப வந்தது. இப்போது சி7 1பி8 என்று காட்டுகிறது. நகலை நிறுத்திவிட்டேன். டிஸ்க் போகப்போகிறதா அண்ணா?

திருப்புளி

நிறுத்தியது மிகச் சரி. டிஸ்க் நன்றாக இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. சி7 என்பது டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் போகும்போது டேட்டா சிதைந்து, மறுபடி அனுப்ப வேண்டியிருந்த தடவைகளின் கணக்கு. தட்டின் பரப்பு கெட்டால் ஏறுவது 05, சி5, சி6. அவை பூஜ்யமாக இருந்து சி7 மட்டும் ஏறினால் கேபிளையோ முனையையோதான் முதலில் பார்க்க வேண்டும். அந்த எண் பதினாறடி முறையில் இருக்கிறது: 1ஏ4 என்றால் 420, 1பி8 என்றால் 440. ஒரே நகலெடுப்பில் 20 கூடியிருக்கிறது.

சாட்டா டேட்டா கேபிளை மாற்றுங்கள், பூட்டுக்கொக்கி உள்ளதாக இருக்கட்டும். மாற்றுவதற்கு முன் கேபினெட்டின் பின்பக்கக் கதவை மூடிப் பாருங்கள். பல கேபினெட்டுகளில் டிஸ்க்கின் முனைக்கும் அந்தக் கதவுக்கும் நடுவே இடம் குறைவு. நேர் முனைக் கேபிளாக இருந்தால் கதவு அதை அழுத்தி, கேபிள் கூர்மையாக மடங்கி, முனை லேசாகச் சாய்ந்து நிற்கும். அந்த நிலையில் டிஸ்க் ஓடும்தான், ஆனால் சுமை ஏறும்போது சறுக்கும். அங்கே எல் வடிவ முனை உள்ள கேபிள் நன்றாக உட்காரும். பவர் முனையையும் ஒருமுறை அழுத்திவிடுங்கள்.

அப்புறம் நகலை முதலிலிருந்து தொடங்குங்கள். பாதியில் நின்ற ஃபைலை நம்ப வேண்டாம். கேசட் ஃபோல்டர் முதலில், மற்றதெல்லாம் பிறகு. முடிந்ததும் இரண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கையும் மொத்த பைட் அளவும் ஒன்றா என்று பாருங்கள். ஒலிஃபைல்களுக்கு அதோடு நிறுத்தாமல் ஹாஷ் மதிப்பையும் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) ஒப்பிடுங்கள். ஒரு பிட் மாறியிருந்தாலும் தெரிந்துவிடும். பழைய டிஸ்க்கை அழித்து வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ள நினைக்காதீர்கள். அதை வெளியே எடுத்து உறையில் போட்டு வையுங்கள், இரண்டாவது பிரதியாக இருக்கட்டும்.

கேசட்பெட்டி

கதவுதான் அண்ணா! மூடும்போது கேபிள் மடங்குவது கண்ணுக்கே தெரிந்தது. எல் முனைக் கேபிள் போட்டேன். முழு ஃபோல்டரும் நிற்காமல் ஒரே வேகத்தில் வந்துவிட்டது, ஹாஷ் எல்லாம் பொருந்துகிறது. சில பதிவுகளைப் போட்டும் கேட்டேன்.

ஆனால் சி7 இன்னும் 1பி8 என்றே இருக்கிறது. அதைப் பூஜ்யமாக்க ஏதாவது செய்ய வேண்டுமா?

திருப்புளி

வேண்டாம். அது டிஸ்க்கின் ஆயுள் முழுக்க நடந்ததைக் கூட்டி வைக்கும் கணக்கு, கேபிளை மாற்றினாலும் குறையாது. அத்தனை பெரிய நகலுக்குப் பிறகும் 1பி8இலேயே நிற்கிறது என்றால் கோளாறு சரியாகிவிட்டது. புது டிஸ்க்கிலும் அதே வரியை ஒருமுறை பாருங்கள். அதுவும் அதே கதவுக்குப் பின்னால்தானே இருக்கிறது.